வழுக்கு வண்டி

தீபாவளி முடிந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. விருதுநகர்ப் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மெகருன்னிசாவின் சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் பதினாலு பெண்கள் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று, பின்னால் ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

வேனை ஓட்டி வந்தவன் செந்தூர்பாண்டி. ஊர் ஊராகப் போய் வேலையாட்களை ஏற்றிச் சிவகாசிக்குப் பக்கத்துக் கம்பெனியில் இறக்குவதும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் அவன் பிழைப்பு. தீபாவளிக்குப் பிறகு கம்பெனி ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். வேனும் சும்மா, அவனும் சும்மா. இழுபட்டு வந்த காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையெல்லாம் நூலாம்படையோடு உட்கார்ந்திருந்தவன் மெகருன்னிசாவின் மகன் நிஜாம்.

அது ஒரு பழைய காண்டசா. ஒரு காலத்தில் வாழைப்பழ நிறத்தில் இருந்திருக்க வேண்டும். சிவகாசியில் ஓர் அச்சாபீஸ்காரர் வீட்டுப் பின்புறம் ஆறு வருசம் வெயிலில் நின்றிருக்கிறது. ஓடாத வண்டிதானே என்று கழித்துப்போட்ட காலண்டர் தாள்களை அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் பாதி அச்சான முருகன்களும் நிறம் தப்பிய லட்சுமிகளும் முற்றத்தில் சரிந்தார்கள். காம்பு கிள்ளுகிறவர்களில் மூத்தவளான சுப்புத்தாய் எழுந்து ஓடிவந்து, யார் காலிலும் படாமல் அவற்றைப் பொறுக்கி அடுக்கினாள்.

தராசடியில் நின்ற மெகருன்னிசா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். புருசன் நாகூர் கனி இறந்து ஒன்பது வருசமாகிறது. அன்றிலிருந்து வத்தல் கமிஷன் கடையை அவள்தான் பார்க்கிறாள். மூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தால், எந்தப் பக்கத்துக் காய், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். காரையும் அப்படித்தான் பார்த்தாள்.

"என்னலே இது?"

"காரும்மா."

"அது தெரியுது. ஓடுமா?"

"ஓட வைக்கணும். நானும் செந்தூரும் சேந்து பண்ணப் போறோம்."

"ஓட வச்சு எங்க போகப் போற?"

நிஜாம் செந்தூர்பாண்டியைப் பார்த்தான். அவன் வேன் டயரில் ஏதோ கல் மாட்டியிருப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

"எங்கயும் போகலம்மா. ஒரே எடத்துல சுத்துறதுக்கு. பின்பக்கம் வளுக்கிக்கிட்டே போகும். முன்பக்கம் நாம சொன்னபடி கேக்கும். டிரிஃப்ட்டுன்னு பேரு. சார்ஜாவுல வெள்ளிக்கிழமையானா பொட்டல்ல அரபுக்காரப் பயலுக இதத்தான் பண்ணுவானுக. நூறு வண்டி பாத்திருக்கேன். அம்புட்டுக்கும் நான் டயர் மாத்திக் குடுத்திருக்கேன்."

"நேராப் போற வண்டியக் கோணலா ஓட்டுறதுக்கு நீ சார்ஜா வரைக்கும் போயிப் படிச்சிட்டு வந்தியாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். சுப்புத்தாய் மட்டும் சிரிக்காமல், "வளுக்கு வண்டியா!" என்று ஆச்சரியத்தோடு கேட்டாள். அன்றைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் பருப்பாணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே மெகருன்னிசா பேச்சை எடுத்தாள். கிட்டங்கியின் முன்கட்டு இரண்டு வருசமாகக் காலியாகக் கிடக்கிறது. சிவகாசிக் காலண்டர் கம்பெனி ஒன்று சரக்கு வைக்கக் கேட்டிருக்கிறது. அதே முன்கட்டை வண்டிப் பட்டறை வைப்பதற்கு நிஜாமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். சார்ஜாவிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இதே பேச்சு.

"மாசி பொறந்தா புது வத்தல் வந்துரும். காயப்போட எனக்குக் களம் வேணும். மாசி முடியுறதுக்குள்ள ஒன் வண்டிய நாலு பேருக்கு முன்னால ஓட்டிக் காட்டு. நாலு பேரும் நல்லாருக்குன்னு சொல்லட்டும். முன்கட்ட ஒனக்குத் தாறேன். சொல்லலன்னு வையி, வண்டிய எடைக்குப் போட்டுட்டு எங்கூட கடையில வந்து உக்காரணும். பொறவு ஏன்னு கேக்கக் கூடாது."

"சரிம்மா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன்."

அவன் தங்கச்சி மஹ்ரீன் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அவள் ஊருக்கு வெளியே இருந்த பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருசம். "எங்க காலேசுல மாசி மாசம் விழா இருக்குண்ணே. இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவுகளக் கூப்புட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுவாக. நான் பேரு குடுக்கட்டுமா?"

"இவ ஒருத்தி," என்றாள் மெகருன்னிசா.

மறுநாளிலிருந்து கிட்டங்கியின் ஒரு மூலையில் கார் வேலை நடந்தது. மற்ற மூன்று மூலையிலும் வத்தல். காரைக் கழற்றிக்கொண்டிருப்பவனுக்குத் தும்மல் வந்தால் கையிலிருக்கும் நட்டு எங்கேயாவது தெறித்துவிடும். பதினாலு பெண்களும் வேலையை விட்டுவிட்டுத் தேடுவார்கள். ஒருநாள் எஞ்சினுக்கான சின்ன வால்வு ஒன்று சுப்புத்தாயின் முறத்தில், வத்தலுக்கு நடுவில் கிடந்தது.

எஞ்சின் எதிர்பார்த்ததை விட நல்லபடியாக இருந்தது. தண்ணீர் பம்பை மாற்றி, கார்பரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, மூன்றாவது வாரம் சாவியைத் திருப்பியபோது இருமிக்கொண்டு கிளம்பிவிட்டது. கஷ்டம் கொடுத்தது பின் அச்சுதான். சாதாரணக் காரில் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும். அதற்காகக் கிரவுன் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. வழுக்கி ஓட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பெட்டியைக் கழற்றி, அந்தப் பற்களை ஒன்றோடொன்று சேர்த்து வெல்டிங் வைத்தார்கள்.

"நல்லா இருக்குறதக் கெடுக்குறதுக்கு ரெண்டு பேரு," என்றாள் மெகருன்னிசா, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு. ஆனால் உடனே போய்விடவில்லை. வெல்டிங் புகை அடங்கும்வரை நின்று, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பின் சீட்டைக் கழற்றினார்கள். தரைவிரிப்பைக் கிழித்து எறிந்தார்கள். கீழே தகரத்தில் அங்கங்கே விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தன. எடை குறைந்தால் நல்லதுதான் என்று அப்படியே விட்டார்கள். கைப்பிரேக்குக்கு முழ நீளத்தில் புது இரும்பு பிடித்தார்கள். பின் சக்கரத்துக்கு மட்டும் மொட்டை டயர், அதுவும் தேய்ந்து வழவழவென்று இருப்பதாகப் பார்த்து. மஹ்ரீன் தேர்ந்தெடுத்த மயில்கழுத்து நீலத்தில் பெயிண்ட். பெயிண்ட் காய்கிற இரண்டு நாளும் முற்றத்தில் யாரும் வத்தல் மூடையைத் தட்டக் கூடாது என்று நிஜாம் கேட்டுக்கொள்ள, பெண்கள் பூனைபோல நடந்தார்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கியை ஒட்டிக் காலியாகக் கிடந்த சிமெண்ட் களத்தில் தண்ணீரை ஊற்றி முதல் ஓட்டம். நிஜாம் வேகமெடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, கைப்பிரேக்கை இழுத்தான். கார் பம்பரமாக மூன்று சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை கிட்டங்கிச் சுவரில் பின்பக்கம் உரசி ஒரு சிவப்பு விளக்கு உதிர்ந்தது. பத்தாவது தடவை, ஒரே ஒரு தடவை, கார் மூக்கை உள்ளே வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை வெளியே வீசி, களத்தின் அரைவட்டம் முழுக்க அதே சாய்வில் வழுக்கிக்கொண்டே போனது. தண்ணீர் விசிறிபோல எழும்பியது.

"மாப்ள! மாப்ள!" என்று கத்திக்கொண்டு செந்தூர்பாண்டி காருக்குப் பின்னாலேயே ஓடினான். கம்பெனி திறந்துவிட்டதால் காலையும் மாலையும் வேன் ஓட்டிவிட்டு நடுவில் வந்து நிற்கிறவன் அவன்.

மாசி பிறந்தது. விழா இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நிஜாம் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மெகருன்னிசா வாசலில் கைப்பேசியோடு நின்றாள். மல்லாங்கிணற்றில் வாடகைக்கு எடுத்திருந்த களத்தில் புது வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த நாகையா பேசினான்.

"யம்மா, மேக்க கருக்கலாக் கெடக்கு. காத்தும் மாறிருச்சு. வெரசா வாங்க."

"மாசியில எங்கயா மள?"

"அத மளகிட்ட கேளுங்க. இங்கன தார்ப்பாய் ஒண்ணுகூட இல்ல."

தார்ப்பாய்கள் எல்லாம் விருதுநகர்க் கிட்டங்கியில் மடித்துக் கிடந்தன. எப்போதும் வரும் குட்டியானை வண்டி சாத்தூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தது. மெகருன்னிசா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மகனிடம் கேட்கவில்லை. நாலு மாசமாகக் கேலி பேசிய வாயால் எப்படிக் கேட்பது என்று நினைத்தாளோ என்னவோ.

நிஜாம் கிட்டங்கிக்குப் போய்க் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சீட்டில்லாத பின்பக்கத்தில் தார்ப்பாய்களைத் திணித்திருந்தான்.

"ஏறுங்கம்மா."

"இது நேராப் போகுமாலே?"

"நேராவும் போகும்."

கிட்டங்கியிலிருந்து கூடவே வந்த சுப்புத்தாயும் முன் சீட்டில் ஒண்டிக்கொண்டாள். வழியில் ஒரு பாலத்துத் திருப்பத்தில் முதல் தூறல் விழுந்த ரோட்டில் காரின் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. நிஜாம் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து நிமிர்த்தினான். சுப்புத்தாய் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள். மெகருன்னிசா மகனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

களத்தை அடைந்தபோது வானம் இருண்டிருந்தது. பாதி வத்தலைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மிச்சம் பள்ளமான பக்கத்தில் கிடந்தது. தண்ணீர் நின்றால் அத்தனையும் கறுத்துப் போகும். இரண்டு பர்லாங்கில் சமுதாயக்கூடம் இருந்தது.

"மூடை கட்ட நேரமில்ல. அப்பிடியே அள்ளிக் கார்ல கொட்டு!" என்றாள் மெகருன்னிசா.

"கார்லயாம்மா?"

"பொறவு எங்க, ஒன் தலையிலயா?"

கொட்டினார்கள். கூடை கூடையாக, ஜன்னல் மட்டத்துக்கு. சமுதாயக்கூடத்துக்கு ஏழு நடை. மழை வலுத்ததால் கண்ணாடியை இறக்க முடியவில்லை. ஈரக் காற்றில் வத்தலின் காரம் காருக்குள் அப்படியே நின்றது. நாலாவது நடையில் நிஜாமுக்கு மூக்கு, கண், வாய் எல்லாம் ஒழுகியது. பக்கத்தில் மெகருன்னிசா அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முழங்கால்வரை வத்தலில் புதைந்து உட்கார்ந்துகொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அத்தா போனதற்குப் பிறகு அம்மா அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"ரோட்டப் பாருலே," என்றாள், சிரிப்புக்கு நடுவில்.

முக்கால்வாசிச் சரக்கு தப்பியது.

சனிக்கிழமை முழுக்கக் காரைக் கழுவினார்கள். விளக்குமாறால் கூட்டி, குழாய் வைத்துப் பீச்சினார்கள். தண்ணீர் தகரத்து ஓட்டைகள் வழியாக இறங்கிப் போனது. போகும்போது விதையையும் தூளையும் அடித்துக்கொண்டு போய், அடியில் ஓடும் சைலன்சர் குழாய்க்கும் தகரத்துக்கும் இடையில் சேர்த்து வைத்தது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர். மேடையில் முதல்வரும் துறைத் தலைவரும். கயிற்றைத் தாண்டி யாரும் வந்துவிடாமல் செந்தூர்பாண்டி, வேனில் ஆள் ஏற்றும் அதே அதட்டலோடு பார்த்துக்கொண்டான். முன்வரிசை நாற்காலியில் மெகருன்னிசா, பக்கத்தில் புதுச் சேலையில் சுப்புத்தாய்.

"எட்டுப் போடப் போறான்," என்றாள் மெகருன்னிசா பெருமையைக் காட்டாமல். "லைசென்சு எடுக்குறப்ப எல்லாரும் போடுறதுதான்."

நீல நிறக் கார் மைதானத்துக்குள் வந்தது. முதல் வட்டத்திலேயே மொட்டை டயர் அலறி வெள்ளைப் புகை எழுந்தது. கார் மேடையைப் பார்த்த மாதிரியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனதும் பையன்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். ஒரு வட்டம். இரண்டு. மூன்று. நிஜாம் எட்டின் முதல் பாதியை முடித்து, காரை மறுபக்கம் புரட்டினான். சைலன்சர் குழாய் அப்போது நன்றாகச் சூடேறியிருந்தது.

முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு பத்து. மைக்கில் பேசிக்கொண்டிருந்த துறைத் தலைவர், "இந்த வாகனத்தின் சிறப்பு என்னவென்றால்" என்றவர் அதற்குமேல் போக முடியாமல் இருமினார். அந்த இருமல் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே கேட்டது. தாளிக்கும்போது ஒரு வத்தல் கருகினாலே வீடு தாங்காது. இங்கே ஒரு படி விதை வறுபட்டுக்கொண்டிருந்தது. ஆயிரம் பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வகுப்பறைப் பக்கம் ஓடினார்கள். முதல்வர் கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

காருக்குள் நெடி ஓட்டைகள் வழியாக மேலே ஏறியது. கண் எரிந்து, எதிரே இருப்பது தெரியாமல் நிஜாம் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தான். மைதானத்தின் நடுவில், எட்டின் இடுப்பில், கார் குலுங்கி நின்றது.

அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது. நாளைக்குக் காலையில் எடைக்குப் போட வேண்டியதுதான். தராசடியில் உட்காரும்போது பேட்டைக்காரர்கள் என்னென்ன பேசுவார்கள் என்பதுகூட அவனுக்குக் காதில் கேட்டது.

புகைக்கு உள்ளே ஒரே ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், மூக்கைக்கூடப் பொத்தாமல், கடைக்குப் போகிற நடை. மெகருன்னிசா காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா…" என்றவன் இருமினான்.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் முகத்தில் ஊற்றினாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டாள். நாலு ஜன்னலையும் இறக்கினாள்.

"எட்டு பாதியில நிக்குது."

"எல்லாரும் ஓடிட்டாகம்மா."

"எங்கயும் ஓடல. அந்தா வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டு இருக்காக. பாதி போட்டுட்டு நிப்பாட்டுறது எந்த ஊரு வளக்கம்? போடு."

"கண்ணு சரியாத் தெரியல."

"எனக்குத் தெரியுதுல்ல? மைதானத்துல ஈ காக்கா கெடையாது. செந்தூரு அந்தக் கோடியில நிக்கான். நான் சொல்றேன், நீ ஓட்டு."

நிஜாம் சாவியைத் திருப்பினான். கார் நகர்ந்தது, வேகமெடுத்தது.

"இப்பத் திருப்பு," என்றாள்.

அவன் ஒடித்தான். பின்பக்கம் வீசியது.

"இன்னும். இன்னும் வரட்டும். விடாத. அந்த வேப்பமரத்தப் பாத்த மாதிரியே வையி. ஏலே, அப்பிடித்தான், அப்பிடித்தான்!"

ஒரு கையால் கதவையும் மறு கையால் முக்காட்டையும் பிடித்துக்கொண்டு மெகருன்னிசா கத்தினாள். டயர்ப் புகையும் வத்தல் புகையும் கலந்து எழுந்தன. வராந்தாக்களிலும் மாடியிலும் ஆயிரம் பேர், கண்ணில் நீர் வழிய, கைக்குட்டைகளை எடுத்து வீசிக் கூச்சலிட்டார்கள். கார் எட்டை முடித்து நின்றபோது, மைதானத்தின் ஓரத்தில் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய் எழுந்து தனியாகக் கை தட்டினாள்.

திரும்பி வரும்போது காரில் நிஜாமும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்கள் பின்னால் வேனில்.

"நாளைக்கு முன்கட்டுக் கதவுக்கு எண்ண போடணும்," என்றாள் மெகருன்னிசா. "தொறக்காமக் கெடந்து துருவேறிருச்சு."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் காரை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லணும்னீகளே. ஒருத்தரும் சொல்லலையேம்மா. இருமத்தான செஞ்சாக."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க ஒரு ஆளுதான."

"வத்தப் பேட்டையில போயிக் கேளு, நான் எத்தன ஆளுன்னு. வண்டிய எடு. பசிக்குது."

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புரோட்டாக் கடை அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தது. காரும் வேனும் வந்து நின்றன. முதலில் நிஜாம் இறங்கினான், முகம் வீங்கி. அடுத்து செந்தூர்பாண்டி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுத்து மஹ்ரீன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் தோழிகள் மூன்று பேர் அதே மாதிரி. கடைக்காரர் பதறிப்போய்க் கரண்டியைக் கீழே வைத்தார். மெகருன்னிசாவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னம்மா, எல்லாரும் அளுது செவந்து வாரீக? யாரும் தவறிட்டாகளா?"

"இல்லண்ணே," என்றாள் மஹ்ரீன், தும்மலுக்கு நடுவில். "எங்கண்ணன் காரு ஓட்டுனான்."

செந்தூர்பாண்டி வெடித்துச் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். நிஜாம் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். புரியாமல் நின்ற கடைக்காரரிடம் மெகருன்னிசா மட்டும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இருவது புரோட்டா போடுங்கய்யா, நல்லா மொறுமொறுன்னு. சால்னாவுல மட்டும் காரத்தக் கொஞ்சம் கொறச்சு ஊத்துங்க."